நம் ஊருக்குக் கஞ்சாக் கடை வருமா? நியூ ஜெர்சி ஊர்த் தடைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்வரை வாகன நிறுத்தத்தில் காத்திருப்போம் அல்லவா, அங்கே தொடங்கியது இந்தப் பட்டியல். எங்கள் டவுன்ஷிப் (ஊர் நிர்வாகம்) கூட்டங்களுக்கு நான் விடாமல் போகிறவன் என்பது எப்படியோ பரவிவிட்டது. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் செல்போனை நீட்டுவார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி: இன்ன சாலையில் கஞ்சாக் கடை வருகிறது, உடனே கையெழுத்துப் போடுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அதில் பாதி உண்மையாக இருக்கும், பாதி இரண்டு வருடத்துக்கு முந்தைய கதையாக இருக்கும்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். நான் வழக்கறிஞன் அல்ல. நிலமோ விசாவோ சம்பந்தப்பட்ட முடிவென்றால் காசு கொடுத்து வழக்கறிஞரிடம் கேளுங்கள். இங்கே இருப்பது நியூ ஜெர்சிக்கு மட்டும் பொருந்தும். வேறு மாநிலம் வருகிற இடத்தில் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

கஞ்சா இங்கே குற்றமா, இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

யாருடைய சட்டத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாநிலச் சட்டப்படி 21 வயது நிறைந்தவர் கடையில் வாங்கலாம், 6 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 170 கிராம், வைத்திருக்கலாம். 2020 நவம்பர் 3 தேர்தலில் வாக்காளர்களில் சுமார் 67 சதவீதம் பேர் இதற்கு ஆம் என்றார்கள். 2021 பிப்ரவரி 22 அன்று ஆளுநர் பில் மர்ஃபி சட்டத்தில் கையெழுத்திட்டார். 2022 ஏப்ரல் 21 அன்று சுமார் ஒரு டஜன் கடைகளில் விற்பனை தொடங்கியது.

மத்திய அரசின் சட்டப்படியோ, 1970-லிருந்து இது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். மாநிலம் என்ன சொன்னாலும் வாஷிங்டனின் அந்தச் சட்டம் தலைக்கு மேலே நிற்கிறது. குடியுரிமை இல்லாத நம்மவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று கடைசிப் பக்கத்தில் சொல்கிறேன். இன்னொன்று: வீட்டில் செடி வளர்ப்பது நியூ ஜெர்சியில் மாநிலச் சட்டப்படியும் குற்றம்தான், ஒரே ஒரு தொட்டியாக இருந்தாலும்.

மாநிலமே அனுமதித்துவிட்டது. ஊர் எப்படி மறுக்க முடியும்?

அனுமதித்த அதே சட்டம்தான் ஊருக்கு மறுக்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. கஞ்சாத் தொழிலை அது ஆறு வகையாகப் பிரிக்கிறது: பயிரிடுதல், பொருள் தயாரித்தல், மொத்த விற்பனை, ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல், சில்லறைக் கடை, வீட்டுக்கு விநியோகம். ஆறையும் ஊர் தடை செய்யலாம். கடை வேண்டாம், பயிர் மட்டும் சரி என்றும் சொல்லலாம். அனுமதித்தால் எத்தனை கடை, எந்தப் பகுதியில், எத்தனை மணிவரை என்று வரம்பு வைக்கலாம்.

இதற்கு 180 நாள் கெடு கொடுத்தார்கள். அது 2021 ஆகஸ்ட் 21 அன்று முடிந்தது. அதற்கு முன்பே தடை போட்டிருந்த ஊர்களின் பழைய ஆர்டினன்ஸ்கள் (இங்கே ஊர்ச் சட்டத்துக்கு அதுதான் பெயர்) செல்லாது என்று ஆக்கப்பட்டதால், அவையும் மறுபடி கூடிப் புதிதாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. கெடு முடிந்தபோது மாநிலத்தின் 565 ஊர்களில் சுமார் 400 ஊர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தன. அவற்றில் கடற்கரை ஊரான ஓஷன் சிட்டியும் ஒன்று. 1879-ல் மெதடிஸ்ட் போதகர்கள் உருவாக்கிய அந்த ஊரில் இன்றுவரை மதுவே விற்பதில்லை. அங்கே கஞ்சாவுக்கு வேறு பதிலை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரிலும் பெரும்பாலோர் ஆம் என்றுதானே ஓட்டுப் போட்டார்கள்? கவுன்சில் இல்லை என்றது மோசடி அல்லவா?

கோபம் புரிகிறது, ஆனால் மோசடி இல்லை. வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி மாநிலத்தில் இதை அனுமதிக்கலாமா என்பது. உங்கள் ஊர்ச் சாலையில் கடை வைக்கலாமா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மனிதர் வேறு வேறு பதில் சொல்வதை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்: "யாரையும் இதற்காகச் சிறையில் போடக் கூடாது. ஆனால் என் மகள் நடந்துபோகும் வழியில் கடை வேண்டாம்." பிரின்ஸ்டனில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 2020-ல் ஊர் பெருவாரியாக ஆம் என்றது. பிறகு நகராட்சி அமைத்த குழு மூன்று கடை வரை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. கூட்டம் கூட்டமாகப் பெற்றோர்கள் வந்து பேசினார்கள். கடைசியில் கவுன்சில் அந்த யோசனையைக் கைவிட்டது.

மாசசூசெட்ஸ் இதை வேறு விதமாகச் செய்தது. 2016-ல் அங்கே வாக்கெடுப்பு நடந்தபோது ஆம் என்ற ஊர் பின்னால் தடை போட வேண்டுமானால் மறுபடி மக்களிடமே போக வேண்டும் என்று வைத்தார்கள். இல்லை என்ற ஊரில் மட்டும் 2019 முடியும்வரை நிர்வாகமே தடை போட முடிந்தது. என்னைக் கேட்டால் அதுவே நேர்மையான ஏற்பாடு. நம் மாநிலத்தில் அது இல்லை.

தடை போட்டுவிட்டார்கள். இனி எங்கள் ஊரில் யாரும் புகைக்க மாட்டார்கள் அல்லவா?

அப்படி நினைத்துத்தான் பலர் கைதட்டினார்கள். ஊர் தடுக்க முடிவது தொழிலை மட்டுமே. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி வந்து தன் வீட்டில் புகைப்பதை ஊர் தடுக்க முடியாது. வெளியூர் நிறுவனம் உங்கள் தெருவுக்கு வண்டியில் கொண்டுவந்து கொடுப்பதையும் எந்த ஊரும் தடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. ஊர் எல்லை சாலையின் நடுக்கோட்டில் ஓடும் இடங்களில் இந்தப் பக்கம் தடை, எதிர்ப்பக்கம் கடை என்றும் ஆகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுப் புகை வருகிறது என்பவர்கள் கவுன்சிலுக்கு மனு எழுத வேண்டாம். வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், சொந்த வீடென்றால் குடியிருப்புச் சங்கத்திடமும் போங்கள். புகைக்கக் கூடாது என்று விதி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. போலீஸை அழைத்தும் பெரிய பலன் இல்லை. வாசனை அடிக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகிக்கக் கூடாது என்று 2021 சட்டம் கூறுகிறது.

ஸோனிங், ஸோனிங் என்கிறார்களே, அது என்ன?

உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போனால் எங்காவது ஒரு சுவரில் ஊர் வரைபடம் தொங்கும். மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக நிறம் போட்டிருப்பார்கள். ஒரு நிறம் வீடுகளுக்கு, ஒன்று கடைகளுக்கு, ஒன்று தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும். ஒவ்வொரு நிறத்திலும் என்ன செய்யலாம் என்று எழுதி வைத்திருப்பதுதான் ஸோனிங். தாராளமாகச் செய்யக்கூடியவை, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் செய்யக்கூடியவை, செய்யவே கூடாதவை என்று பட்டியல் இருக்கும். கஞ்சாக் கடை இந்த மூன்றில் எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம்.

வெளிப்படையாகத் தடை போடாமலே ஸோனிங்கால் தடை போடலாம். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் ஊர்த் திட்ட வல்லுநர் வரைபடத்தைத் திரையில் காட்டினார். பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடி வட்டம் போட்டார். பிறகு பூங்காக்களைச் சுற்றி, குழந்தைகள் காப்பகங்களைச் சுற்றி, வழிபாட்டு இடங்களைச் சுற்றி. வட்டத்தின்மேல் வட்டம் ஏறி வரைபடமே மறைந்துவிட்டது. கடைசியில் வெளியே மிஞ்சியவை நெடுஞ்சாலை ஓரமாக மூன்று மனைகள்: ஒரு கார் கழுவும் இடம், பழைய சாமான் வைக்கும் வாடகைக் கிடங்கு, வெள்ளம் தேங்கும் ஒரு காலி நிலம். "நாங்கள் கடைகளை அனுமதிக்கிறோம்" என்று ஒரு கவுன்சிலர் அறிவித்தபோது பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார்.

கோவிலுக்குப் பக்கத்தில் கடை வைக்கலாமா? அதற்கு ஒரு தூரம் இருக்குமே?

நியூ ஜெர்சியில் தூரத்தை ஊர்தான் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன வட்டங்கள் அந்த ஊர் தானே போட்டுக்கொண்டவை. பக்கத்து ஊரில் அந்த வட்டம் பாதியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் ஊர் ஆர்டினன்ஸை எடுத்துப் பாருங்கள், வழிபாட்டு இடம் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று. மாநிலம் விதித்திருப்பது வேறொன்று: மளிகைக் கடையோ மதுக்கடையோ நடக்கும் அதே இடத்துக்குள் கஞ்சா விற்கக் கூடாது.

நியூ யார்க்கில் மாநிலமே தூரம் வைத்திருக்கிறது. பள்ளியிலிருந்து 500 அடி. அதே சாலையில் உள்ள வழிபாட்டு இடத்திலிருந்து 200 அடி. ஆனால் அந்தக் கட்டடம் வழிபாட்டுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். வணிக வளாகத்தில் இரண்டு அறை எடுத்து நடத்தும் நம் கோவில்கள் பலவற்றுக்கு இதனால் பாதுகாப்புக் கிடைக்காமல் போகலாம்.

தூரத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வாசலிலிருந்து வாசலா, மனையின் எல்லையிலிருந்தா? சின்ன விஷயம் போலத் தெரியும். நியூ யார்க் மாநிலக் கஞ்சா அலுவலகம் பள்ளி வளாகத்தின் எல்லையை விட்டுவிட்டுக் கட்டட வாசலிலிருந்து அளந்து உரிமம் கொடுத்துவிட்டு, 2025-ல் தவறு என்று ஒப்புக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் சிக்கலில் மாட்டின.

எங்கள் ஊர் இதைப் பற்றி ஒன்றுமே செய்யவில்லை. அப்படியென்றால் கடை வராது, சரிதானே?

நேர்மாறு. கெடுவுக்குள் வாய் திறக்காத ஊர் சம்மதித்ததாகவே கணக்கு. பயிரிடுதல், தயாரித்தல், மொத்த விற்பனை போன்றவை அந்த ஊரின் தொழிற்சாலைப் பகுதிகளில் அனுமதிக்கப்பட்டவை ஆகிவிட்டன. சில்லறைக் கடை வணிகப் பகுதிகளில் நிபந்தனையோடு செய்யக்கூடியதாகிவிட்டது. அந்த நிலையை ஐந்து ஆண்டு மாற்ற முடியாது.

அந்த ஐந்து ஆண்டு 2026 ஆகஸ்டில் நிறைகிறது. அப்போது இந்த ஊர்களுக்கு மட்டும் மறுபடி 180 நாள் கதவு திறக்கும். அதற்குள் தடை ஆர்டினன்ஸ் நிறைவேற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இன்னும் ஐந்து ஆண்டு. ஆனால் புதுத் தடை இனி வருபவர்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே நடக்கும் கடையை அது மூடாது. உங்கள் ஊர் எந்த வகை என்று தெரியாவிட்டால் டவுன்ஷிப் கிளார்க்கைக் கேளுங்கள்: "2021-ல் நாம் ஆர்டினன்ஸ் நிறைவேற்றினோமா?" ஒரே வரி மின்னஞ்சல் போதும்.

யாரிடம் போய்ப் பேசுவது? மேயரா, கவுன்சிலா, பிளானிங் போர்டா?

தவறான கூட்டத்துக்குப் போய்ச் சரியான பேச்சைப் பேசிவிட்டு வருவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

தடை செய்வதா, அனுமதிப்பதா, எங்கே, எத்தனை என்ற கொள்கையைக் கவுன்சில் முடிவு செய்கிறது. சில ஊர்களில் அதற்கு டவுன்ஷிப் கமிட்டி என்று பெயர். ஆர்டினன்ஸ் ஒரு கூட்டத்தில் அறிமுகமாகும், அதுதான் முதல் வாசிப்பு. ஸோனிங் சம்பந்தப்பட்டது என்பதால் பிளானிங் போர்டுக்குப் போகும். ஊரின் மாஸ்டர் பிளானோடு (நீண்டகால வளர்ச்சித் திட்டம்) ஒத்துப்போகிறதா என்று அது 35 நாளுக்குள் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாவது வாசிப்பு. அன்றுதான் பொதுமக்கள் கருத்துக் கேட்டு வாக்கெடுப்பு. முதல் வாசிப்பில் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வாட்ஸ்அப் செய்தி அன்று இரவுதான் பறக்கும். பதற வேண்டாம், இரண்டாம் வாசிப்புக்கு நாள் இருக்கிறது.

ஆர்டினன்ஸ் அனுமதித்துவிட்ட பிறகு, குறிப்பிட்ட ஒரு கடை குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது பிளானிங் போர்டுக்குப் போகும். அங்கே கஞ்சா நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. வாகன நிறுத்தம், விளக்கு, வண்டி வந்து போகும் வழி, பாதுகாப்பு இவைதான். அந்தப் பகுதியில் அனுமதி இல்லாத தொழிலை அங்கேயே வைக்க விதிவிலக்குக் கேட்டால் ஸோனிங் போர்டு. அதற்கு ஏழு பேர் கொண்ட போர்டில் ஐந்து ஆம் ஓட்டு வேண்டும், நான்கு போதாது. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் முதலில் தலையை எண்ணுவார். ஐந்தே பேர் என்றால் தேதி மாற்றக் கேட்பார். இவை எல்லாம் முடிந்தாலும் மாநிலத்தின் கஞ்சா ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் கொடுத்தால்தான் கடை திறக்கும்.

ஆயிரம் கையெழுத்து வாங்கிவிட்டோம். கடை நின்றுவிடும் அல்லவா?

எங்கே கொடுக்கப்போகிறீர்கள்? கவுன்சிலில் கொடுத்தால் பலன் உண்டு. அவர்கள் தேர்தலில் நிற்பவர்கள், ஆயிரம் என்ற எண் அவர்களுக்குப் புரியும். முந்தைய பதிலில் சொன்ன போர்டுகளில் கொடுத்தால் மேசையில் கிடக்கும். அவை பாதி நீதிமன்றம் மாதிரி. சத்தியப் பிரமாணம் செய்து சொல்லும் சாட்சியத்தையே எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போட்டவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் மனு சாட்சியமாகாது. போர்டு உறுப்பினரைக் கோவிலில் பார்த்துத் தனியாகச் சொல்லிவைப்பதும் கூடாது. கூட்டத்துக்கு வெளியே அவர் அதைக் கேட்கக் கூடாது. உங்கள் நல்லெண்ணம் அவரை வாக்களிக்க முடியாமல் செய்துவிடும்.

அங்கே என்ன எடுபடும் என்று ஒரு முறை பார்த்தேன். மூன்று மணி நேரக் கூட்டம். இருபது பேர் ஒருவர் பின் ஒருவராக எங்கள் பிள்ளைகள், எங்கள் கலாசாரம் என்று பேசினார்கள். போர்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டது, ஒரு சொல்லும் குறித்துக்கொள்ளவில்லை. கடைசியாக ஓர் அம்மா பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தார். மூன்று நாள் மாலை நாலரையிலிருந்து ஆறு மணிவரை அந்த வளாகத்தின் எதிரே காரில் உட்கார்ந்து, இடப்புறம் திரும்பக் காத்திருந்த வண்டிகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி எழுதியிருந்தார். ஒரு நாள் பஸ் நின்றதால் வரிசை சிக்னல்வரை போனதையும் படித்தார். விண்ணப்பதாரரின் போக்குவரத்து வல்லுநரிடம் போர்டு திரும்பிக் கேள்வி கேட்கத் தொடங்கியது அப்போதுதான். கடை நிற்கவில்லை. ஆனால் இடப்புறத் திருப்பத்தை மூட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

ஒரு விதிவிலக்கு: ஒரு பகுதியின் ஸோனிங்கையே மாற்றும் ஆர்டினன்ஸ் என்றால், அந்தப் பகுதியிலோ அதிலிருந்து 200 அடிக்குள்ளோ 20 சதவீத நிலத்தின் உரிமையாளர்கள் எழுத்து மூலம் எதிர்த்தால் கவுன்சிலின் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்படும். ஆயிரம் கையெழுத்தைவிட அந்த ஆறேழு கையெழுத்து சில நேரம் கனமானது.

நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். கூட்டத்தில் பேசலாமா? பிரச்சினை வராதா?

பேசலாம். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். பெயரையும் முகவரியையும் கேட்பார்கள், விசாவைக் கேட்க மாட்டார்கள். கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வழக்கமாக மூன்று அல்லது ஐந்து நிமிடம் கிடைக்கும். எழுதி எடுத்துப்போய்ப் படியுங்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அங்கே பேசும் இத்தாலியத் தாத்தாக்கள் பேச்சு எனக்கு இன்றும் பாதிதான் புரிகிறது.

கடை வந்தால் வரி கொட்டும், சொத்து வரி குறையும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சில்லறைக் கடையின் விற்பனையில் ஊர் அதிகபட்சம் 2 சதவீதம் வரி வைக்கலாம். பயிரிடுபவர், தயாரிப்பாளருக்கும் 2 சதவீதம், மொத்த விற்பனையாளருக்கு 1 சதவீதம். மாநிலத்தின் 6.625 சதவீத விற்பனை வரி தனி. அது மாநிலத் தலைநகரான டிரென்டனுக்குப் போய்விடும்.

ஒரு கடை ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு விற்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு 2 லட்சம் டாலர். ஊரில் பத்தாயிரம் வீடு இருந்தால் வீட்டுக்கு 20 டாலர். நியூ ஜெர்சியின் சராசரி வீட்டுச் சொத்து வரி 2024-ல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஓரிரு போலீஸ்காரர் சம்பளத்துக்கு இது ஆகும், உங்கள் வரிச்சீட்டில் தெரியாது. வரிக்காகக் கடை வேண்டும் என்பவரும் சரி, கடை வந்தால் ஊரே அழிந்துவிடும் என்பவரும் சரி, இரண்டு பக்கமும் எண்களைக் கொஞ்சம் ஊதித்தான் பேசுகிறார்கள்.

இந்தக் கவுன்சில் தடை போட்டது. அடுத்த கவுன்சில் வந்து எடுத்துவிட முடியுமா?

எப்போது வேண்டுமானாலும் முடியும். தடையை நீக்கக் கெடு எதுவும் இல்லை. மேலே சொன்ன இரண்டு வாசிப்பு முறையில் ஒரு சாதாரண ஆர்டினன்ஸ் போதும். எதிர்த்திசையில்தான் பூட்டு இருக்கிறது. மௌனமாக இருந்த ஊர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் தடைக்குத் திரும்ப முடியும் என்று பார்த்தோம். நியூ யார்க்கில் அதுவும் இல்லை: 2021 டிசம்பர் 31-க்குள் விலகாத ஊர் பின்னால் விலகவே முடியாது, விலகிய ஊர் எப்போதும் உள்ளே வரலாம். சட்டம் எழுதியவர்களுக்கு எந்தப் பக்கம் சாய்வு என்பதை இதிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

தடை எத்தனை காலம் நிற்கும் என்பதற்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஓர் உதாரணம். கொலராடோ மாநிலம் 2012-லேயே அனுமதித்தது. அந்த நகரம் பன்னிரண்டு ஆண்டு கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2024 நவம்பரில் நகர வாக்காளர்களே திறந்துவிட்டார்கள்.

மருத்துவக் கஞ்சாக் கடை ஏற்கெனவே எங்கள் ஊரில் இருக்கிறது. அது தானாக எல்லோருக்கும் விற்கத் தொடங்கிவிடுமா?

தானாக முடியாது. மருத்துவக் கஞ்சா வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. 21 வயதான எல்லோருக்கும் விற்க வேண்டுமானால் அந்தக் கடைக்கும் ஊரின் ஒப்புதல் வேண்டும்.

தடை உள்ள ஊர் எங்களுடையது. ஆனால் பெட்ரோல் நிலையத்தில் பச்சை இலைப் படம் போட்ட மிட்டாய் விற்கிறார்களே?

இது தனிச் சங்கதி. 2018-ல் மத்திய அரசு விவசாயச் சட்டத்தில் ஹெம்ப் எனப்படும் சணல் வகைக் கஞ்சாச் செடியை, போதை தரும் பொருள் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால், போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தச் செடியிலிருந்தே வேறு வழியில் போதைச் சரக்கு தயாரித்துப் பெட்ரோல் நிலையத்திலும் சிகரெட் கடையிலும் வைத்துவிட்டார்கள். ஊரின் கஞ்சாத் தடைக்குள் அது வரவில்லை. நியூ ஜெர்சி 2024 செப்டம்பரில் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. நேர்மையாகச் சொன்னால், அடையாள அட்டை கேட்டு ஆளை உள்ளே விடும் உரிமக் கடையைவிடச் சாக்லேட் பக்கத்தில் தொங்கும் இந்தப் பாக்கெட்தான் எனக்குப் பயம். இதற்காக இருபது பேர் கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு வணிகக் கட்டடம் இருக்கிறது. கஞ்சாக் கடைக்காரர் இரட்டிப்பு வாடகை தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

முதல் பதிலில் சொன்ன மத்தியச் சட்டம் இங்கேதான் கடிக்கும். போதைப்பொருள் விற்பனைக்குத் தெரிந்தே இடம் கொடுப்பது அந்தச் சட்டப்படி குற்றம். சொத்தைப் பறிமுதல் செய்யவும் அதில் இடம் உண்டு. மாநில உரிமம் பெற்ற கடைகள்மேல் அது பாயாமல் இருப்பது வழக்குப் போடுபவர்களின் கொள்கை, உங்கள் உரிமை அல்ல. அந்தக் கொள்கை மாறக்கூடியது: 2013-ல் நீதித்துறை கொடுத்த வழிகாட்டுதலை 2018 ஜனவரியில் திரும்பப் பெற்றார்கள்.

உடனடிச் சிக்கல் உங்கள் வங்கிக் கடன் பத்திரத்தில் இருக்கும். மத்தியச் சட்டத்துக்கு விரோதமான தொழிலுக்கு இடம் தரக் கூடாது என்ற வரி பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. இரட்டிப்பு வாடகைக்குக் காரணம் அன்பல்ல, இந்த அபாயமும், ஸோனிங் வட்டங்களுக்கு வெளியே இடம் கிடைக்காத தட்டுப்பாடும்தான்.

பச்சை அட்டை இருக்கிறது, அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஒரு கடையில் பங்கு வாங்கலாமா? மகன் அங்கே வேலைக்குப் போகலாமா?

வேண்டாம். இந்தப் பட்டியலில் நான் அழுத்திச் சொல்லும் ஒரே பதில் இது. 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை எழுத்து மூலம் தெளிவாக்கியது: மாநிலத்தில் சட்டப்படி செல்லும் என்றாலும், கஞ்சா வைத்திருப்பதும் அந்தத் தொழிலில் வேலை செய்வதும் குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கலாம். தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நேர்காணலில் உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டால் போதும். விசாவில் இருப்பவருக்கும் பச்சை அட்டைக்காரருக்கும் நாட்டுக்குள் திரும்பி வரும்போதே இடர் வரலாம். கடைக்கு எதிராகக் கூட்டத்தில் பேசியவருக்கு ஒன்றும் ஆகாது. கடையில் ரசீது போடும் மகனுக்கு ஆகலாம், அவன் இன்னும் குடிமகன் இல்லை என்றால்.

போர்டு அனுமதி கொடுத்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடிவு பற்றிய அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாளுக்குள் மாநில உயர் வழக்கு மன்றத்தில் வழக்குப் போடலாம். போர்டின் முடிவு சட்டத்துக்கு முரணானது, சாட்சியத்துக்கு ஒவ்வாதது என்று காட்ட வேண்டும். எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது போதாது. நீதிபதி புதிய சாட்சியம் கேட்க மாட்டார், போர்டின் முன் பதிவானதையே படிப்பார். நோட்டுப் புத்தக அம்மாவின் எண்கள் அந்தப் பதிவில் இருக்கும்; வாகன நிறுத்தத்தில் நாம் பேசியது இருக்காது.

வழக்கு வேண்டாம் என்றால் அனுமதியின் நிபந்தனைகளை வாங்கிப் படியுங்கள். மூடும் நேரம், காவலாளி, விளக்கு, இடப்புறத் திருப்பம் எல்லாம் எழுத்தில் இருக்கும். அவற்றில் ஒன்று மீறப்பட்டால் தேதியும் நேரமும் குறித்து, படம் எடுத்து, டவுன்ஷிப் ஸோனிங் அதிகாரிக்கு அனுப்புங்கள். அவருடைய மின்னஞ்சல் முகவரி டவுன்ஷிப் இணையதளத்தில் இருக்கிறது.